செத்த நம்பர்

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஜன்னலோர மேசை கோடக்காவுடையது. அது அவள் பெயரல்ல. புது மீட்டர்கள் வந்தபிறகு ஒவ்வொரு வீட்டிலும் அரை மணிக்கு எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பது கணினியில் ஒரு கோடாக ஏறி இறங்கித் தெரியும். அந்தக் கோட்டை மற்றவர்கள் வெறுமனே பார்ப்பார்கள், அவள் படிப்பாள். இங்கே குளிக்கிறார்கள், இங்கே துணி துவைக்கிறார்கள், இங்கே ஆளே இல்லை, ஃப்ரிட்ஜ் மட்டும் தனியாக உட்கார்ந்து முனகுகிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளைக் கோடக்கா என்றே கூப்பிட்டார்கள்.

பில் கூடிப்போச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களை அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். ஒருமுறை ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது, மீட்டர் பொய் சொல்கிறது என்று கணவர் மேசையைத் தட்டினார். கோடக்கா பார்த்தாள். சில மதியங்களில் ஏசி ஜோராக ஓடியிருந்தது. மனைவி திரையை எட்டிப் பார்க்க வந்ததும் சட்டென்று பக்கத்தை மாற்றி, ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் போயிருக்கும், பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். படியிறங்கும்போது அந்த மனிதர் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு கும்பிடு இருந்தது. அவளுக்கு அது அருவருப்பாக இருந்தது. அவரைக் காப்பாற்ற அவள் அதைச் செய்யவில்லை. நம் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காக அடுத்தவர் வீட்டு விஷயம் நம்முடையதாகிவிடாது என்பது அவள் கட்சி.

இப்படி ஒரு கட்சி வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்தில் காலம் தள்ளுவது லேசான காரியமில்லை. ஏனென்றால் அங்கே செத்த நம்பர் என்று ஒன்று இருந்தது.

ஒரு வீட்டின் கோட்டைத் திறக்கப் புகார் எண் வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் முடிக்கப்படாத எந்தப் புகாரின் எண்ணைப் போட்டாலும் எந்த வீடும் திறந்துகொள்ளும் என்பதை விதி எழுதியவர் கவனிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர், வீட்டெதிரே தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். விளக்கு கடைசிவரை எரியவில்லை. பெரியவர் போய்ச் சேர்ந்தார். புகார் மட்டும் உயிரோடு இருந்தது. அந்த எண் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பொறியாளர் அதைப் போட்டுத் தன் வாடகைக்காரர் எத்தனை ஏசி ஓட்டுகிறார் என்று பார்ப்பார். டிரைவர் தன் மைத்துனர் வீட்டில் புதிதாக என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பார். தட்டச்சுக்காரப் பெண், தன்னை வேண்டாமென்று போனவன் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவாள். யாரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் நல்லவர்கள்தான். ஒரு பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர்கள். இது மட்டும் எடுத்துப் போகிற சாமானாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதற்கான எண் என்று பார்த்தால் அவர்களுக்கும் வேலை கூடும்.

காசாளர் மாட்டிக்கொண்டது அந்த எண்ணால்தான். அவர் எல்லோருக்கும் வேண்டிய மனிதர், இளகின மனசுக்காரர். ஒருநாள் அவர் கவுண்டரில் ஒரு ஆள் நின்று அழுதான். மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள், இதே ஊரில்தான் எங்கோ வாடகைக்கு இருக்கிறாள், ஒருமுறை முகத்தைப் பார்த்தால் போதும் என்றான். காசாளர் செத்த நம்பரைப் போட்டு, வாடகைக்கு இருப்பவர் பெயரும் கணினியில் பதிவாகும் என்பதால் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டுத் தேடி, முகவரியைச் சொல்லிவிட்டார். அவன் முகத்தைப் பார்க்கத்தான் போனான். பார்த்தபிறகு அந்த முகத்தில் தையல் போடும்படி ஆனது.

புகார் எழுதியது கோடக்கா. மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், கெஞ்சினார்கள், பிறகு பேசாமல் இருந்து பார்த்தார்கள். அவள் மசியவில்லை. காசாளருக்கு வேலை போயிற்று. மேசையைக் காலி செய்த அன்று அவர் அவளிடம் வந்து நின்றார்.

"நான் அவன்கிட்ட ஒத்தப் பைசா வாங்கலக்கா. பாவமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"பாவம் பாக்கணும்னா உங்க பையில இருந்து எடுத்துக் குடுங்க. அடுத்தவங்க வீட்டுல இருந்து எடுத்துக் குடுக்காதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. செத்த நம்பரையும் மூடிவிடலாம் என்று அவள் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். ஆளைத்தான் அனுப்பியாச்சே, நம்பர் என்ன பாவம் செய்தது, அவசரத்துக்கு ஒரு வழி வேண்டாமா என்று அவர் சிரித்தார்.

இவ்வளவு கறாரான பொம்பளை வீட்டில் எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மகள் சொல்லியிருப்பாள்.

கோடக்காவுக்கு அந்த வேலையே புருஷன் செத்ததற்காகக் கிடைத்தது. அவர் லைன்மேன். ஊர் எல்லையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கத் தனியாகப் போனவர், காலையிலேயே ஷாக் அடித்து விழுந்து கிடந்தார். எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று அலுவலகம் நினைத்தது. அலுவலகத்தில் இருப்பார் என்று வீடு நினைத்தது. பொழுது சாய்ந்துதான் ஆள் போய்ப் பார்த்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டர்கள் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். கேட்டவர்கள்தான் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்குப் பாசம் என்றால் பார்த்துக்கொண்டே இருப்பது என்றாகிவிட்டது. மகளின் பள்ளிக்கூடப் பையைத் துழாவினாள். தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் வளர்ந்து, படித்து, ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனபிறகும் அவள் போனை எடுத்துப் படித்தாள், கடைக்குப் போன் போட்டு வந்துவிட்டாளா என்று கேட்டாள். ஒருநாள் கடைக்கே போய், மகளோடு வேலை பார்க்கிற பெண்ணைத் தனியே கூப்பிட்டு, இவள் யாரோடு வெளியே போகிறாள் என்று விசாரித்தாள். அலுவலகத்தில் ஊரான் வீட்டுக்குத் திரை போட்டவள், பெற்ற மகள் வீட்டில் ஒரு கதவையும் சாத்த விடவில்லை. அது வேறு, இது வேறு என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அன்று சாயங்காலம் மகள் பெட்டியை எடுத்து வைத்தாள். சத்தம் போடவில்லை.

"ஒரு வருஷம் என்னப் பாக்காம இரு. தேடாத, விசாரிக்காத. உன்னால முடிஞ்சா நான் திரும்ப வந்து பேசறேன்."

அம்மாவின் எண்ணைப் போனில் தடுத்து வைத்துவிட்டாள். தாய்மாமாவிடம் மட்டும் தொடர்பு வைத்திருந்தாள். அவன் கோடக்காவின் தம்பி, லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் போன் எட்டாத சாலைகளில் இருப்பான். வந்தால், நல்லா இருக்காக்கா, கேக்காத, சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் என்று சொல்லிவிட்டு, வைத்ததைத் தின்றுவிட்டுப் போவான்.

கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். செய்தித்தாளில் எங்காவது விபத்து என்று வந்தால் வயது என்ன என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பாள். மகளின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அப்புறம் ஒரு மழைநாள், அலுவலகத்தில் பாதிப் பேர் வரவில்லை, அவள் கை அந்தச் செத்த எண்ணைத் தானாக அடித்தது. பெயர் போட்டுத் தேடினாள். மேற்குப் பக்கம் ஒரு தெருவில், மாடி வீடு, புது இணைப்பு. காசாளர் தேடிய அதே பெட்டியில்தான் பெயரைப் போட்டாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. அவர் ஒரு முரடனுக்குக் காட்டிக்கொடுத்தார், நான் யாரிடம் சொல்லப்போகிறேன் என்று அதற்கு அவள் ஒரு பதிலும் வைத்திருந்தாள். பதில் இல்லாமல் யாரும் இந்த மாதிரிக் காரியத்தில் இறங்குவதில்லை.

கோடு வந்தது. காலையில் ஒரு சின்ன மேடு, கெட்டில். அடுத்துப் பெரிய மேடு, குளிக்கிற ஹீட்டர். பகலெல்லாம் ஃப்ரிட்ஜ் மட்டும். சாயங்காலம் விளக்கும் ஃபேனும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் எழுந்தாள், குளித்தாள், போனாள், வந்தாள். இதைவிட ஒரு தாய்க்கு என்ன தெரிய வேண்டும்?

அதற்குப்பிறகு தினமும் மேசையில் உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான். கடைக்கு வார விடுமுறை என்றைக்கு என்று தெரிந்துகொண்டாள். அன்று காலை வாஷிங் மெஷின் ஏறும். ஒரு மாலை கோடு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், நன்றாகச் சமைத்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள். அவள் முகத்தில் களை வந்தது. அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொறியாளர் மட்டும் ஒருநாள் பின்னால் கடந்து போகும்போது திரையைப் பார்த்துவிட்டு, முதுகில் தட்டுகிற மாதிரிச் சிரித்தார். நீயும் நம்ம ஆள்தான் என்கிற சிரிப்பு. அது அவளை இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

மகள் சொன்ன ஒரு வருஷம் முடிய சில வாரங்களே இருந்தன. அப்போதுதான் ஹீட்டர் கோளாறு ஆரம்பித்தது. யாரும் வீட்டில் இல்லாத பகலில் கோடு விட்டுவிட்டு ஏறியது. தண்ணீர் சூடானதும் தானாக நிற்க வேண்டியது நிற்கவில்லை, நின்றாலும் திரும்பத் திரும்பப் பிடிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஹீட்டரும் ஈரக் கையும் குளியலறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது லைன்மேன் மனைவிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி வந்தபோது, அவளை அந்த ஹீட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுடா, ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல் என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அவன் வண்டிச் சத்தத்திலேயே வாழ்கிறவன், பாதி விஷயம் காதில் விழாது. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அடுத்த முறை அவன் வந்து சொன்னது இது.

"சொன்னேன்க்கா. ஹீட்டரான்னு ரெண்டு தடவ கேட்டா. அப்புறம் சரின்னா. அம்மாகிட்ட பேசலாம்னு இருக்கேன் மாமா, ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு நானே போன் பண்றேன்னா."

கோடக்கா காதில் பேசலாம்னு இருக்கேன் என்பது மட்டும் விழுந்தது. வீட்டை ஒழித்துப் பெருக்கினாள். மகளின் அறைக்குப் புதுத் தலையணை உறை போட்டாள்.

அதற்கடுத்து ஒருநாள் காலை கோட்டைத் திறந்தால், கோடே இல்லை.

ஃப்ரிட்ஜ்கூட இல்லை. முந்தின நாள் காலையில் ஓரிடத்தில் வெட்டியது போல் நின்று, அதற்குப்பிறகு தரையோடு தரையாகப் பூஜ்யம். ஆள் ஊருக்குப் போனால் ஃப்ரிட்ஜ் ஓடும். தெருவில் கரண்ட் இல்லையோ என்று கீழ்வீட்டைத் திறந்து பார்த்தாள். எதிர்வீட்டைத் திறந்தாள். அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் திறந்தாள். எல்லா வீட்டிலும் ஜனங்கள் குளித்தார்கள், சமைத்தார்கள், அயர்ன் பண்ணினார்கள். அவள் மகள் வீடு மட்டும் இருண்டு கிடந்தது. அன்றைக்குக் கடை விடுமுறை. வாஷிங் மெஷின் ஏறியிருக்க வேண்டிய நேரமும் தாண்டிப்போயிற்று. குளியலறையில் ஷாக் அடித்து, மெயின் விழுந்து, கதவு உள்ளே தாழ் போட்டு இருக்கிறது என்று அவள் மனம் முழுப் படத்தையும் காட்டிவிட்டது. தம்பியின் போன் எட்டவில்லை. மகளின் எண் எப்படியும் தடுப்பில்தான் இருக்கும் என்று அதை அழுத்தவே இல்லை. எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்த அந்தப் பழைய அலுவலகம் ஞாபகம் வந்ததும் அவளால் உட்கார முடியவில்லை. கைப்பையை மறந்துவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்குக் காசு, யாரோ ஒரு பெண் கொடுத்தாள்.

மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று தெரியாது. கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

கதவு உடனே திறந்தது. மகள்தான். தலை வாரி, வீட்டு உடையில், ஒரு கீறல் இல்லாமல் நின்றாள். பின்னால் அறை அரையிருட்டாக இருந்தது. மேசையில் பாதி உருகிய மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் அவள் போன். வாயைத் திறந்து கிடந்த ஃப்ரிட்ஜைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். கோடக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். உயிரோடு இருக்கிறாள் என்று அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினாள். மகள் ஓரடி பின்னால் போனாள்.

"வந்துட்டியா" என்றாள்.

"கரண்ட் இல்ல, உனக்கு என்னமோன்னு..." என்று ஆரம்பித்த கோடக்கா, தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தன் காதாலேயே கேட்டு நிறுத்தினாள்.

"மெயின் சுவிட்ச நான்தாம்மா ஆஃப் பண்ணினேன். மாமா ஹீட்டர்னு சொன்னப்பவே சந்தேகம் வந்துருச்சு. மாமா இந்த வீட்டுக்குள்ள வந்ததே இல்ல, ஹீட்டர அவர் எங்க பாத்தார்? ஆனா நம்பல. எங்கம்மா வீட்ல எப்படி இருந்தாலும் ஆபீஸ்ல அந்த வேலையச் செய்யமாட்டான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காசாளர் மாமாவையே வீட்டுக்கு அனுப்பினவ அவ, தெரியாம ஏதோ சொல்லியிருப்பான்னு." அவள் மேசைமேல் இருந்த போனைக் காட்டினாள். "நாளைக்கு வரைக்கும் நீ வரலன்னா நானே உனக்கு போன் பண்றதா இருந்தேன். உன் நம்பரத் திறந்துவிட்டு, போனப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, நீ வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே இந்த இருட்டுல உக்காந்திருந்தேன்மா."

பயமா இருந்துச்சு என்று மட்டும் சொன்னாள் கோடக்கா. தெரியும், எப்பவும் அதுதானே என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஒட்டிக்கொள்ள ஒரு இடம் கிடைத்திருக்கும். ஆபீஸ்ல எதுவும் சொல்லமாட்டேன், உன் வேலைக்கு ஒண்ணும் வராது என்றாள். தன் கைப்பையிலிருந்து பஸ் காசு எடுத்து அம்மாவின் கையில் வைத்து மூடினாள். பிறகு கதவையும் மூடினாள்.

மறுநாள் கோடக்கா ஒரு காரியம் செய்தாள். லைன்மேன் ஒருவரைப் பிடித்து, கையோடு கூட்டிப்போய், அந்தச் செத்துப்போன பெரியவர் வீட்டெதிரே தெருவிளக்கை மாட்டவைத்தாள். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். விளக்கு கேட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அலுவலகத்துக்கு வந்து, குறை நீக்கப்பட்டது என்று எழுதிப் புகாரை முடித்தாள். செத்த நம்பர் ஒருவழியாகச் செத்தது.

அலுவலகம் கொஞ்சம் முணுமுணுத்தது, யார் பார்த்த வேலை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரம் முடிவதற்குள் டிரைவர் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இடித்துத் தரைமட்டமான ஒரு வீட்டிலிருந்து எப்போதோ வந்த புகார், மீட்டர் பெட்டிக்கு மூடி இல்லை என்று. அந்த வீடே இல்லை, மூடி எங்கே போடுவது? அதை யாராலும் முடிக்க முடியாது. தட்டச்சுக்காரப் பெண் அந்த எண்ணை எல்லோருக்கும் சொன்னாள். கோடக்காவிடம் சொல்லத் தயங்கி, பிறகு அவள் மேசையருகே நின்று வேறு யாருக்கோ சொல்வது போல் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதில் ஒரு கருணை இருந்தது. கோடக்கா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எண்களை ஒருமுறை கேட்டால் மறக்காத பழக்கம் அவளுக்கு.

அன்று முழுக்க வேலை செய்தாள். பில் தகராறுகளைத் தீர்த்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விதிகளைப் படித்துச் சொல்ல அதிகாரி அவளைத்தான் கூப்பிட்டார். புகார் இல்லாமல் யார் வீட்டையும் திறக்கக்கூடாது என்று படித்தாள். குரல் பிசிறவில்லை. அதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பாமல் படிக்கவில்லை. அதுதான் கொடுமை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில், மெயினைப் போட்டுவிட்டாளா என்று மட்டும் பார்த்துவிடலாம், அதோடு சரி என்று நினைத்தாள். எண்ணை அடித்தாள்.

போட்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் ஓடியது. காலையில் கெட்டில் ஏறியிருந்தது. பார்த்துக்கொண்டே வந்தவளின் கண், ஆளில்லாத மதியத்தில் நின்றது. கோடு அங்கே விட்டுவிட்டு ஏறி இறங்கியிருந்தது. ஹீட்டரை இன்னும் சரிசெய்யவில்லை. மகளின் எண்ணை அழுத்தினாள், மறுபடி தடுப்புக்குப் போயிருந்தது. தம்பியிடம் இனி சொல்ல முடியாது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. கோடக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகிற கூடத்தில், அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள்.